டிரெய்லர் டயர்கள் கெடுவது ஏன்?

கரும்பு அரவைக் காலத்தில் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர், சாங்லி மாவட்டச் சாலைகளில் செல்வோர் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. டிராக்டர் ஒன்றின் பின்னே இரண்டு டிரெய்லர்கள் இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு மேலாகக் கரும்புக் கட்டுகள் அடுக்கப்பட்டு, வரிசை வரிசையாக ஆலையை நோக்கி மெல்லச் செல்லும். அவ்வரிசையினின்று விலகி ஏதேனும் ஒரு வண்டி சாலையோரத்தில் சாய்ந்து நிற்பதும் உண்டு. அதன் சக்கரம் ஒன்றில் டயர் கிழிந்து தொங்கும். பாரத்தைக் குறைத்தால் அன்றி ஜாக்கி கொண்டு அச்சைத் தூக்க இயலாதாகையால், கட்டுகள் தரையில் இறக்கப்பட்டிருக்கும். வெட்டிய கரும்பு காலந்தாழ்ந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். இரவு வந்துவிட்டால் விளக்கின்றி நிற்கும் அவ்வண்டியே பின்னால் வருவோருக்கு எமனாகவும் ஆகலாம்.

பஞ்சாபில் கோதுமை அறுவடைக்குப் பின்னரும், உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் கரும்புக் காலத்திலும் இதே காட்சியைக் காணலாம். டயர் வெடித்ததும் சாலையின் மீது பழி கூறுவர் சிலர். டயர் தரமற்றது என்பர் சிலர். வெயிலின் கொடுமை என்பர் வேறு சிலர். இவற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், கெட்டுப்போன டிரெய்லர் டயர் ஒன்றைக் கவனமாக ஆராய்ந்தால், பல சமயங்களில் அதன் பட்டன் பாதியேனும் எஞ்சியிருப்பதைக் காணலாம். அஃதாவது, அந்த டயர் சாலையில் தேய்ந்து தீரவில்லை; தேய்வதற்கு முன்பே உள்ளிருந்து அழிந்துவிட்டது. இவ்வழிவின் காரணங்கள் யாவை, அவற்றைத் தடுப்பது எங்ஙனம் என்பதை அறிவது விவசாயிக்கும், அவருக்கு ஆலோசனை கூறும் களப் பணியாளருக்கும் மிகவும் பயன் தருவதாகும்.

இழுக்கப்படும் வண்டிக்காகப் பிறந்த டயர்

காற்றடைத்த டயர் மோட்டார் வண்டிக்கெனத் தோன்றியது என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. மோட்டார் கார் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னதாகவே, 1845ஆம் ஆண்டில் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்று, குதிரை வண்டிகளில் அதைப் பொருத்திக் காட்டினார். அக்காலத்தில் அது பரவவில்லை. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் அதனை மீண்டும் கண்டுபிடித்த பின்னரே அது உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் காற்றடைத்த சக்கரம் பூட்டிய மாட்டு வண்டியை இன்றளவும் ‘டன்லப் வண்டி’ என்று மக்கள் அழைப்பது அவர் பெயரை ஒட்டியே ஆகும்.

இன்றைய டிரெய்லர் டயரில் நான்கு உறுப்புகளைக் குறிப்பாக அறிதல் வேண்டும். தரையில் படும் தடித்த மேற்பட்டை முதலாவது. இதையே ஓட்டுநர்கள் பட்டன் என்கின்றனர். இதன் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட நைலான் இழை அடுக்குகள் இருக்கின்றன. டயரின் வலிமை இவ்வடுக்குகளிலேயே அடங்கியுள்ளது. மூன்றாவது, நெளிந்து கொடுக்கும் பக்கச்சுவர். நான்காவது, டயரை ரிம்முடன் இறுகப் பிடிக்கும் எஃகுக் கம்பி விளிம்பு. ரப்பரும் நைலானும் தனித்தனிப் பொருள்கள். அவற்றை ஒட்டிவைக்கும் பிணைப்பு உறுதியாக இருக்கும் வரையில்தான் டயர் டயராக இருக்கும். அப்பிணைப்பு தளர்ந்தால், வெளியில் எவ்விதக் குறையும் தெரியாமலே உள்ளே அடுக்குகள் பிரியத் தொடங்கும்.

பாரத்தைத் தாங்குவது எது?

பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று. அதனுள் அடைபட்டுள்ள காற்றே ஆகும். ரப்பரும் இழைகளும் அக்காற்றை அடைத்து வைக்கும் பையே எனலாம். இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு சக்கரத்தின்மீது 1,500 கிலோகிராம் பாரம் இருப்பதாகவும், டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருப்பதாகவும் கொள்வோம். நூறு பவுண்டு என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம். ஆகவே, அப்பாரத்தைத் தாங்க டயர் சுமார் 215 சதுர சென்டிமீட்டர் பரப்பளவில் தரையைத் தொட்டால் போதும். காற்று 60 பவுண்டாகக் குறைந்துவிட்டால் அதே பாரத்தைத் தாங்கச் சுமார் 357 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். டயரின் சொந்த விறைப்பினால் இவ்வெண்கள் சற்று மாறுபடினும் உண்மை மாறாது. தரையில் படும் பரப்பு பெருக வேண்டுமானால் டயர் மேலும் அமுங்கியாக வேண்டும். அமுங்கினால் பக்கச்சுவர் மேலும் நெளியும். இந்த நெளிவே கேட்டின் தொடக்கம்.

பாரம் மிகுவதும் காற்றுக் குறைவதும் டயருக்கு ஒரே தீங்கையே செய்கின்றன என்பது இக்கணக்கினால் விளங்கும். இரண்டும் சேர்ந்துவிட்டால் அத்தீங்கு பன்மடங்கு ஆகின்றது.

உஷ்ணம் எங்கிருந்து வருகிறது?

ரப்பர்ப் பந்து ஒன்றை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விட்டால், அது மீண்டும் ஒரு மீட்டர் உயரத்துக்கு எழுவதில்லை. அமுங்கி விரியும்போது அதன் சக்தியில் ஒரு பகுதி ரப்பரிலேயே தங்கி உஷ்ணமாக மாறிவிடுகிறது. சுழலும் டயரிலும் நிகழ்வது இதுவே. சுமார் 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் ஏறத்தாழ 400 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முறை நெளிந்து நிமிர்கிறது. வயலிலிருந்து ஆலை 25 கிலோமீட்டர் தொலைவில் இருப்பின், ஒரு நடையிலேயே 10,000 நெளிவுகள் ஏற்படுகின்றன.

ரப்பர் உஷ்ணத்தை எளிதில் வெளியே கடத்தாது. ஆகவே தடித்த பகுதிகளின் உள்ளே, குறிப்பாகப் பட்டனின் இரு தோள்களுக்கும் அடியில், உஷ்ணம் தேங்குகிறது. உஷ்ணம் ஏற ஏற ரப்பருக்கும் நைலானுக்கும் உள்ள பிணைப்புத் தளர்கிறது. இழைகளின் வலிமையும் குறைகிறது. முதலில் ஓரிடத்தில் சிறு பிரிவு தோன்றும். பிரிந்த இடத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று உராய்ந்து மேலும் உஷ்ணம் உண்டாகும். அதனால் பிரிவு மேலும் பெருகும். இறுதியில் பட்டன் பாளம் பாளமாக உரிந்து விழும்; அல்லது டயர் பேரோசையுடன் வெடிக்கும். வெடித்த அந்நொடியில் காணப்படும் சிறு கல்லோ பள்ளமோ கடைசிக் காரணம் மட்டுமே. டயரின் அழிவு பல நாள்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ஓட்டுபவர் உணராத சக்கரம்

லாரிக்கும் காருக்கும் உள்ள டயர்கள் இதே விதிகளுக்கு உட்பட்டவையே. அவ்வாறாயின் டிரெய்லர் டயர்கள் மட்டும் தனியே ஆராயப்பட வேண்டியதன் காரணம் யாது? அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, ஓட்டுபவர் அதனை உணர்வதில்லை. முன் சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்து அவருக்கு எச்சரிக்கை தருகிறது. ஆனால் டிரெய்லரோ பத்தடிக்கும் அப்பால், இணைப்பு முள் ஒன்றின் பின்னே வருகிறது. டிராக்டரின் ஓசையில் வேறெந்த ஓசையும் கேட்பதில்லை. இரண்டாவது டிரெய்லரின் சக்கரத்தில் காற்று முழுதும் இறங்கிவிட்டாலும், டயர் கிழிந்து ரிம் சாலையில் உராயும் வரையில் அவர் அறியாமலிருப்பது வியப்பன்று.

இரண்டாவது, டிரெய்லருக்கெனப் புது டயர் வாங்குவோர் எல்லோரும் அல்லர். லாரியிலிருந்து கழற்றிய பழைய டயர்களும், மறுபட்டன் கட்டிய டயர்களும் மிகுதியாக உபயோகிக்கப்படுகின்றன. மறுபட்டன் கட்டுவது தவறன்று. உள்ளடுக்குகள் பழுதின்றி இருப்பின் அது சிக்கனமான முறையே. ஆனால் வெவ்வேறு அளவும் வயதும் உடைய டயர்களை ஒரே அச்சில் பூட்டுதல் கூடாது. ஒன்று பலவீனமாக இருப்பின், வண்டியின் பாதுகாப்பு அதனளவிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, டிரெய்லர் ஆண்டின் பெரும்பகுதி சும்மா நிற்கிறது. நின்றுகொண்டிருக்கும் டயருக்குச் சேதம் இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. இது தவறான நம்பிக்கையாகும். இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நிற்கும் டயர் கெடுவது எங்ஙனம்?

இயற்கை ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். இன்றும் டயர்கள் இம்முறையிலேயே அச்சில் வார்க்கப்பட்டு உறுதியாக்கப்படுகின்றன. இவ்வாறு உறுதி பெற்ற ரப்பருக்கும் இரு பகைகள் உண்டு. ஒன்று பிராணவாயு, மற்றொன்று ஓசோன். காற்றில் ஓசோன் இருப்பது மிகச் சொற்பம். பத்துக் கோடிப் பங்கில் ஒரு சில பங்கே எனலாம். எனினும் இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரை அச்சொற்ப அளவும் தாக்கி, இழுவிசைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது.

பாரம் இறக்கப்படாமலோ, காற்றுக் குறைந்தோ மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் டிரெய்லரின் பக்கச்சுவர் எப்போதும் பிதுங்கி இழுபட்டே இருக்கிறது. ஓசோனின் தாக்குதலுக்கு இதைவிட வசதியான நிலை வேறில்லை. டயர் செய்யும்போது மெழுகும் வேறு சில காப்புப் பொருள்களும் ரப்பரில் கலக்கப்படுகின்றன. டயர் ஓடி நெளியும்போது இவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வருவது எளிதாகிறது. நெடுநாள் ஓடாத டயருக்கு இவ்வுதவியும் குறைந்துவிடுகிறது. அத்துடன் நேர் வெயிலும் சேர்ந்தால் ரப்பர் விரைவில் முதுமை அடைந்து, நெகிழ்ச்சி இழந்து, கடினமாகிவிடும். அடுத்த பருவத்தில் முழுப் பாரமும் ஏற்றப்பட்டவுடன் அவ்வெடிப்புகள் ஆழமாகி இழைகளை எட்டுகின்றன.

டயர் உருவான காலத்தை அதன் பக்கச்சுவரிலேயே காணலாம். நான்கு எண்கள் கொண்ட குறி ஒன்று அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். 3522 என்றிருந்தால், அது 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். பட்டன் புதிதாகத் தோன்றினும், இக்குறியையும் வெடிப்புகளையும் பார்த்த பின்னரே பழைய டயரை விலைக்கு வாங்குதல் வேண்டும்.

தேய்மானம் கூறும் செய்தி

தேய்மானமும் ஒரு மொழி போன்றது. அதைப் படிக்கக் கற்றால் வண்டியின் குறை விளங்கும்.

பட்டனின் இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி உயர்ந்து நின்றால், காற்றுக் குறைவாகவோ பாரம் மிகுதியாகவோ ஓடியது என்று அறியலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் தேவைக்கு மேல் காற்று அடைக்கப்பட்டது எனக் கொள்ளலாம். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருப்பின் அச்சு வளைந்திருக்கிறது. ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருப்பின் பேரிங் தளர்ந்து சக்கரம் ஆடுகிறது. ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருப்பின், சக்கரம் சுழலாமல் சிறிது தூரம் இழுபட்டிருக்கிறது.

பட்டனைக் கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம்போல் கரகரப்பாகவும் இருந்தால், சக்கரம் வண்டி செல்லும் திசைக்கு நேராக இல்லை என்பது துணிபு. இது அற்பக் குறை என்று எண்ணுதல் ஆகாது. திசையினின்று ஒரு பாகை மட்டும் விலகிய சக்கரம், ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் சுமார் 17 மீட்டர் தூரம் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. அரம் கொண்டு ராவுவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. பள்ளத்தில் பாரத்துடன் இறங்கியதாலோ, பட்டறையில் அச்சைச் சரியாகப் பற்ற வைக்காததாலோ இக்குறை ஏற்படும். இதைச் சோதிக்க யந்திரம் எதுவும் தேவையில்லை. இரு சக்கர டிரெய்லரில், இழுவைத் தண்டின் இணைப்புத் துளையிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் கயிறு பிடித்து அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் சமமாக இல்லையெனில் அச்சு கோணலாக உள்ளது என்பது தெளிவு.

வயலில் நேரும் காயங்களும் உண்டு. அறுத்த கரும்பின் அடிக்கட்டைகள் பக்கச்சுவரைக் கீறுகின்றன. நீரில் நனைந்த ரப்பர் உலர்ந்த ரப்பரைவிட எளிதாக வெட்டுப்படும். வெட்டின் வழியே நீரும் மணலும் புகுந்து அடுக்குகளைக் கெடுக்கும். டீசலும் மசகெண்ணெயும் பட்டால் ரப்பர் ஊறி மென்மையாகிவிடும். வால்வின் மூடி தொலைந்தால் அதில் தூசி புகுந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகக் காற்றுக் கசியும். ஒரு சிறு மூடி விலையுயர்ந்த டயரைக் காக்கின்றது என்பதை மறத்தலாகாது.

எடைமேடைச் சீட்டின் உபயோகம்

எவ்வளவு பாரம் ஏற்றப்படுகிறது என்பது தெரியாது என்று கூறுவதற்கு ஆலைப் பகுதிகளில் இடமில்லை. ஒவ்வொரு வண்டியும் ஆலையின் எடைமேடையில் நிறையும் வெறுமையுமாக இருமுறை நிறுக்கப்படுகிறது. அச்சீட்டே டயரின் நிலையைக் கணக்கிடப் போதுமானது. எடுத்துக்காட்டாக, நான்கு சக்கர டிரெய்லர் ஒன்று கரும்புடன் 9,600 கிலோகிராம், வெறுமையாக 1,600 கிலோகிராம் என்று கொள்வோம். மொத்த எடையை நான்கால் வகுத்தால் ஒரு டயர் தாங்குவது 2,400 கிலோகிராம். டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள அளவு 1,500 கிலோகிராம் ஆனால், ஒவ்வொரு டயரும் தன் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் சுமக்கிறது. அந்த டயர்களுக்கு ஏற்ற மொத்த எடை 6,000 கிலோகிராமே. அதில் கரும்பின் பங்கு 4,400 கிலோகிராம். பாரம் பின்புறமாகக் கூடியிருப்பின் பின் சக்கரங்களின் நிலை இன்னும் மோசமாகும். மெதுவாகச் செல்லும் வண்டிகளுக்கு உற்பத்தியாளர்கள் சிறிது கூடுதல் பாரத்தை அனுமதிப்பது உண்டு. அது சிறிதளவே அன்றி, இத்தகைய மிகுதிக்கு இடங்கொடுப்பது அன்று.

ஒரு நடையைக் குறைத்தால் டீசல் மிச்சம் என்பது விவசாயியின் எண்ணம். நடுவழியில் ஒரு டயர் வெடித்தால், டயரின் விலையும், ஆட்கூலியும், ஆலையில் முறை தவறுவதும் அம்மிச்சத்தை விழுங்கிவிடும். இக்கணக்கைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே போட்டுக் காட்டுவது, பல அறிவுரைகளைவிடப் பயன் தரும்.

செய்ய வேண்டுவனவும் தவிர்க்க வேண்டுவனவும்

காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்துள்ளபோது கருவி கொண்டு அளத்தல் வேண்டும். காலால் உதைத்தோ கோலால் தட்டியோ பார்ப்பது அளவாகாது. ஓடிய டயரில் அழுத்தம் கூடியிருப்பது இயல்பு. 30 பாகை உஷ்ணத்தில் 100 பவுண்டாக இருந்த காற்று, 55 பாகைக்குச் சூடானால் சுமார் 109 பவுண்டு காட்டும். அது கண்டு காற்றை இறக்கிவிடுவது பெருந்தவறு. குளிர்ந்தபின் அது குறைவழுத்த டயராகிவிடும்.

ஒவ்வொரு நடையிலும் ஓரிடத்தில் நிறுத்தி, எல்லாச் சக்கரங்களையும் சுற்றிவந்து, புறங்கையை டயருக்கு அருகில் கொண்டு சென்று பார்க்கும் பழக்கம் நன்று. மற்றவற்றைக் காட்டிலும் ஒன்று மிகவும் சூடாக இருப்பின், அதில் காற்றுக் குறைந்திருக்கிறது. அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. ஓட்டுபவருக்கு அச்சக்கரம் தானாகச் சொல்லாத செய்தியை இவ்வழியாகவே அறியவேண்டும்.

பருவம் முடிந்ததும் டிரெய்லரைக் கழுவி, நிழலில் நிறுத்தி, அச்சின் அடியில் கல்லோ மரக்கட்டையோ கொடுத்துச் சக்கரங்கள் தரையில் படாதவாறு உயர்த்திவைத்தல் வேண்டும். உயர்த்த இயலாவிடில், முழுக் காற்றுடன் வெறும் வண்டியாக நிறுத்தி, மாதம் ஒருமுறை சற்று நகர்த்தி வைக்கலாம். மின்பொறி எழும் மோட்டார்களும் வெல்டிங் வேலையும் ஓசோனை உண்டாக்குமாதலால், அவற்றின் அருகில் டயர்களை வைத்தல் கூடாது.

உயிரைப் பற்றிய எச்சரிக்கை இரண்டு உண்டு. டயர் பூட்டியுள்ள ரிம்மில் ஒருபோதும் வெல்டிங் செய்யலாகாது. உள்ளே ரப்பர் சூடேறி எரியும் வாயுக்களை வெளிவிடும்; காற்று இறக்கியிருந்தாலும் டயர் வெடித்து அருகிலிருப்போரைக் கொன்றுவிடக்கூடும். அதுபோன்றே, வளையம் பூட்டிய ரிம்மில் காற்றடிக்கும்போது எதிரில் குனிந்து நிற்றல் ஆகாது. பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும். இனி, டிரெய்லரில் பாரத்தின் மீதோ இழுவைத் தண்டின் மீதோ ஆட்களை ஏற்றிச் செல்வது எவ்வகையிலும் தகாது. ஒரு டயர் வெடித்தால் சரக்கு கவிழ்வதோடு நின்றுவிடும். ஆட்கள் இருப்பின் இழப்பை ஈடு செய்வதற்கு வழியே இல்லை.

வகுப்பறையில் செய்து காட்ட

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை எளிய சோதனைகளால் விளக்கலாம். சைக்கிள் டயரின் மீது மையைத் தடவி, கீழே தாளை வைத்து, மாணவர் ஒருவரை ஏறி உட்காரச் செய்தால், தரையைத் தொடும் பரப்பு தாளில் பதியும். காற்றைச் சிறிது இறக்கி மீண்டும் பதியச் செய்து, கட்டமிட்ட தாளில் இரு பரப்புகளையும் ஒப்பிடலாம். மெல்லிய இரும்புக் கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் வளைந்த இடம் சுடுவதை மாணவர் விரலால் அறிவர். இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றை மரக்கட்டையில் இழுத்து மாட்டியும், மற்றொன்றைத் தளர்வாகவும் திறந்த வெளியில் சில வாரங்கள் வைத்தால், இழுபட்ட வளையம் முதலில் வெடித்து அறுந்துபோவதைக் காணலாம். நிறுத்திவைத்த டிரெய்லரின் டயருக்கு நேர்வது இதுவே என்று சுட்டிக்காட்டினால், கிராமத்துச் சிறுவர்கள் மாலையில் வீடு திரும்பியதும் முதலில் பார்ப்பது முற்றத்தில் நிற்கும் வண்டியின் சக்கரத்தையே ஆகும்.

டிரெய்லர் டயரைக் காப்பதற்கு அருமையான கருவிகள் தேவையில்லை. காற்றழுத்தம் அளக்கும் கருவி ஒன்று, அளவுக் கயிறு ஒன்று, அச்சின் அடியில் கொடுக்க நான்கு மரக்கட்டைகள் ஆகியவையே போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுமுன் ஒருமுறை வண்டியைச் சுற்றிவரும் பழக்கம் வேண்டும். அதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடமே.